வீச்சு வலை வட்டமாக விழ: வீட்டில் ஈயக்குண்டு வார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

வீசின வலை வட்டமாக விரியாமல் ஒரு பக்கம் மடிந்து விழுந்தால் முதல் பழி கைக்குத்தான். “தோளை நல்லாத் திருப்பேல்லை”, “பல்லால கவ்வினதை நேரத்துக்கு விடேல்லை” என்று கரையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கையிலும் பிழை இருக்கலாம்தான். ஆனால் கையைத் திருத்துவதற்கு முன், வலை விளிம்பில் ஈயக்குண்டு கோர்த்திருக்கிற அடிக்கயிற்றை எடுத்துக் குண்டு குண்டாகத் தடவிப் பாருங்கள். ஒன்று கொழுத்திருக்கும், அடுத்ததில் ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும், அதற்கடுத்தது எந்தக் காலத்து வலையிலோ கழற்றிக் கோர்த்ததாக இருக்கும். அப்படியான வலையை எவ்வளவு கைகாரன் வீசினாலும் அது பாரம் கூடின பக்கத்துக்கே இழுபடும்.

குண்டு பாரமாக இருந்தால் போதும், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. மொத்தப் பாரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, குண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பெரும்பகுதி ஆழமில்லாதது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மணலை, திரளி மீன்களுக்கும் இறாலுக்கும் வீசும்போது, வலையின் விளிம்பு முழுக்க ஒரே நேரத்தில் நிலத்தில் முட்ட வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் மீன் அந்த வழியால் போய்விடும்.

கடையில் வாங்குகிற குண்டுகளைத் தராசில் போட்டுப் பார்த்தால் ஒரே பொதிக்குள்ளேயே பாரம் கூடியும் குறைந்தும் இருக்கும். துளையும் சிலவற்றில் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். வீட்டில் வார்ப்பதற்கு இதுதான் நியாயமான காரணம். காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் இந்த வேலை வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, ஒதுக்குப்புறமான வளவும் இல்லையென்றால் கடைக் குண்டையே வாங்கி, நிறுத்துத் தரம் பிரித்துக் கோருங்கள். பாதிப் பலன் அதிலேயே வந்துவிடும்.

கணக்கு முதலில்

அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுங்கள். உச்சியிலிருந்து அடிக்கயிறு வரை 2 மீற்றர் நீளமுள்ள வலை என்று வைப்போம். முழுதாக விரிந்தால் சுற்றளவு ஏறத்தாழ 12.5 மீற்றர். 5 சென்ரிமீற்றருக்கு ஒரு குண்டு என்றால் 250 குண்டு வேண்டும். இந்த அளவு வலைக்கு மொத்தம் 3 கிலோ ஈயம் நல்ல அளவு, ஆகவே குண்டொன்று 12 கிராம்.

இனி அச்சின் அளவு. ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். 10 மில்லிமீற்றர் விட்டம், 16 மில்லிமீற்றர் நீளம், நடுவே 4 மில்லிமீற்றர் துளை உள்ள உருளைக் குண்டு, தூய ஈயமாக இருந்தால் 11.97 கிராம் வரும். அதாவது 12 கிராம் என்றே எடுக்கலாம். வேறு அளவு வலைக்கும் இதே வழியில் கணக்குப் போடுங்கள். சேற்று நிலத்திலும் சாதாளை என்ற கடற்பாசி படர்ந்த இடத்திலும் கட்டையான பாரக் குண்டு புதைந்துகொள்ளும். அங்கே வீசுகிறவர்கள் விட்டத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம்.

வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கூசி வலைக்கு, அதாவது ஒற்றையிழை நைலோன் வலைக்கு, நாட்டில் தடை இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு வார்க்கிற குண்டை அதில் கட்ட வேண்டாம்.

ஈயம் தேடுதல்

பழைய வலைகளில் கழற்றின குண்டுதான் ஆகச் சிறந்தது. பெரும்பாலும் மென்மையான ஈயம், எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். பழைய தொலைபேசிக் கேபிளின் ஈய உறையும் நல்லது. ரயர்க் கடைகளில் சில்லுக்கு அடிக்கிற பாரத்துண்டுகள் கிடைக்கும், ஆனால் அவற்றில் கவனம் தேவை. பழையவை அந்திமனி என்ற உலோகம் கலந்த ஈயம். புதியவற்றில் பல நாகம் (துத்தநாகம்), சில வெறும் இரும்பு. நாகம் கலந்தால் உருகின ஈயம் கஞ்சித்தன்மையாகி, அச்சின் மூலைகளை நிரப்பாது.

எது என்ன உலோகம் என்று அறிய ஒரு சின்ன டிஜிற்றல் தராசு போதும். நகைக்கடைகளில் பாவிக்கிற மாதிரி, 0.1 கிராம் வரை காட்டுவது நல்லது. முதலில் துண்டை நிறுத்து எழுதுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். துண்டை நூலில் கட்டி, கோப்பையின் அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டுகிற கிராம்தான் அந்தத் துண்டின் கன அளவு, கன சென்ரிமீற்றரில். பாரத்தை அதனால் வகுங்கள். 11.3 அளவில் வந்தால் நல்ல ஈயம். 11 க்குக் கிட்ட வந்தால் அந்திமனி கலந்தது. 7 சொச்சம் வந்தால் நாகமோ இரும்போ, ஒதுக்கிவிடுங்கள். சின்னத் துண்டில் இந்தக் கணக்கு பிசகும், 50 கிராமுக்கு மேற்பட்ட துண்டாக எடுங்கள். அவசரத்துக்கு நகத்தால் கீறிப் பார்க்கலாம். ஈயத்தில் நகம் பதியும், நாகத்தில் பதியாது.

இரண்டு பொருளைத் தொடவே கூடாது. ஒன்று, வாகன பற்றரி. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது, பழைய பற்றரியை எறிய மனம் வராதுதான். ஆனால் அதன் தகடுகளில் இருப்பது அமிலம் ஊறின ஈய ஒட்சைட்டுத் தூள். உருக்கினால் கிடைப்பது கொஞ்ச ஈயமும் நிறையக் கசடும் நஞ்சுப் புகையும்தான்.

இரண்டாவது, நிலத்தில் பொறுக்கின எந்த உலோகமும். போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றினார்கள். பழைய இரும்புக் கடைக் குவியலில் எந்த வளவுப் பொருள் கலந்திருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. மூடியிருக்கிற, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் ஈயம் உருக்குகிற தாச்சியில் போடாதீர்கள். வெடிபொருள் மாதிரித் தெரிந்தால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

அச்சு

மர அச்சு நாலைந்து வார்ப்பிலேயே கருகி அகலத் தொடங்கும், குண்டும் அதோடு சேர்ந்து கொழுக்கும். களிமண்ணும் பிளாஸ்டரும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது ஏன் ஆபத்து என்பது பிறகு வரும். அலுமினிய அச்சுத்தான் சரி. சூடு சீராகப் பரவும், ஈயம் அதில் ஒட்டாது. இரண்டு கட்டிகளைச் சேர்த்து, இணைகிற கோட்டில் குண்டின் வடிவத்தைக் குடைந்து தரச் சொல்லி லேத் பட்டறையில் கொடுங்கள். குண்டு படுத்த நிலையில் இருக்க, ஈயம் ஊற்றுகிற வாய் மேலே புனல் மாதிரி விரிந்திருக்க வேண்டும். ஒரு அச்சில் நாலு குண்டு போதும். பத்து என்று ஆசைப்பட்டால் கடைசிக் குழிக்கு ஊற்றும்போது முதல் குழி ஆறிவிடும்.

இரண்டு கட்டியும் விலகாமல் பூட்ட இரும்பு ஆணி வழிகாட்டி வையுங்கள். இந்த இடத்தில் பட்டறைக்காரர் சோம்பல் பட்டால் விடாதீர்கள். மேலே சொன்ன குண்டில், அச்சு 0.2 மில்லிமீற்றர் மூடாமல் நின்றாலே 0.2 கிராம் கூடிவிடும். ஒருமுறை மூடியும் மறுமுறை மூடாமலும் வார்த்தால் குண்டுகள் எப்படி ஒத்துவரும்?

துளைக்கு 4 மில்லிமீற்றர் வெல்டிங் கம்பி பாவிக்கலாம். மேல்பூச்சைத் தட்டி உதிர்த்து, அரத்தால் ஒரு நுனியை மயிரிழை அளவு ஒடுக்கி, மணல் கடதாசியால் மினுக்குங்கள். ஈயம் ஆறும்போது சுருங்கிக் கம்பியை இறுகப் பிடிக்கும். ஒடுக்கம் இல்லாத கம்பியைக் குறடு பிடித்து இழுத்தாலும் வராது. காற்று வெளியேற, கட்டிகள் சேரும் முகத்தில் குழியிலிருந்து வெளிப்பக்கமாக ஊசியால் மெல்லிய கீறல்கள் போடுங்கள். பாவிக்க முன் அச்சையும் கம்பியையும் மண்ணெண்ணெய் விளக்கின் சுவாலையில் பிடித்து மெல்லிய கரி படிய விடுங்கள். தடிப்பாகப் படிந்தால் அதுவே குண்டின் பாரத்தைக் குறைக்கும்.

இடம், உடுப்பு, ஈரம்

மேலே தகரமோ கிடுகோ இருந்து நாலு பக்கமும் திறந்த இடம் வேண்டும். கிடுகு என்றால் நல்ல உயரத்தில் இருக்கட்டும். காற்று முகத்துக்கு நேரே வராமல் பக்கவாட்டில் போகிற மாதிரி இருங்கள். சோளகக் காற்று பலமாக அடிக்கிற நாளில் அடுப்புச் சூடு நிலைக்காது. மாரியில் இந்த வேலையே வேண்டாம்.

உருகின ஈயத்துக்குள் ஈரம் போனால் நொடியில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் பெருக்கும். ஒரு துளி ஈயத்துக்கு அடியில் மாட்டினால் தாச்சியில் உள்ளது முழுக்க முகத்துக்கு வரும். ஆகவே பழைய வலைக் குண்டுகளில் கூடுதல் கவனம். துளைக்குள் கயிற்று நார் இருக்கும், நாரில் உப்பு இருக்கும், உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நாரைக் குத்தி எடுத்து, பல நாள் வெயிலில் காயவிட்டு, அடுப்பு மூட்டுவதற்கு முன்னமே குளிர்ந்த தாச்சியில் போடுங்கள். வேலை நடக்கும்போது புதிதாக ஈயம் சேர்க்கவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. அகப்பையையும் அச்சையும் தாச்சி விளிம்பில் சூடாக்கின பிறகுதான் பாவிக்க வேண்டும். நெற்றி வியர்வைக்கு ஒரு துணி கட்டுங்கள்.

தடித்த பருத்தி நீளக்காற்சட்டை, முழுக்கைச் சேட், மூடின சப்பாத்து, தோல் கையுறை, கண்ணாடி. சாரமும் செருப்புமாக இந்த வேலைக்கு இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஈயம் உடம்பில் சேர்ந்தால் இலேசில் போகாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது. புகையைவிடக் கையில் ஒட்டுகிற கசடுத் தூள்தான் அதிகம் வயிற்றுக்குள் போகிறது. வேலை முடியும்வரை தேத்தண்ணி, வெற்றிலை, சிகரெட் எதுவும் இல்லை. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை வேறாகத் தோயுங்கள். குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கிற பழக்கத்தையும், வீசும்போது குண்டோடு சேர்த்துக் கவ்வுகிற பழக்கத்தையும் விடுங்கள். இரண்டு குண்டுக்கு இடையில் உள்ள கயிற்றைக் கவ்வினால் போதும்.

கசட்டை மூடியுள்ள பேணியில் சேருங்கள். கிணற்றடியில் கொட்டாதீர்கள். எங்கள் நிலம் வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புப் பாறை. மேலே கொட்டினது கீழே போக அதிக நாள் எடுக்காது, குடிப்பதும் அதே தண்ணீரைத்தான்.

உருக்குதல்

இரும்புத் தாச்சி அல்லது தடித்த உருக்குச் சட்டி. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சூட்டில் நலிந்து அடி விட்டுவிடும். இந்தத் தாச்சி இனிச் சமையலுக்கு இல்லை. 250 குண்டுக்கும் கழிவுக்குமாக 4 கிலோ ஈயம் எடுத்தாலும் கன அளவில் 350 மில்லிலீற்றர்தான், ஆகவே சின்னத் தாச்சி போதும். ஒரு வலைக்குரிய ஈயம் முழுவதையும் ஒரேயடியாக உருக்குங்கள். இன்று கொஞ்சம், நாளை வேறு துண்டுகளில் கொஞ்சம் என்றால் கலவை மாறும். அந்திமனி கலந்த ஈயத்தில் அதே அச்சுக் குண்டு 12 கிராமுக்குப் பதில் 11.6 கிராம் அளவில் நிற்கலாம்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், நாகம் 419 இல். இந்த இடைவெளி எங்களுக்கு வசதி. 400 ஐத் தாண்டாமல் வைத்திருந்தால் தவறிப்போய் விழுந்த நாகத்துண்டு உருகாமல் மிதக்கும், வழித்து எடுக்கலாம். இரும்புத் துண்டும் மிதக்கும். 500 பாகை வரை காட்டுகிற வெப்பமானி ஒன்று வாங்குங்கள், இந்த வேலையில் செலவழிக்கத் தகுந்த சாமான் அது. இல்லையென்றால் மேற்பரப்பைக் கவனியுங்கள். மேலே படிகிற ஆடையை வழித்தவுடன் வெள்ளி மாதிரி மினுங்கி நின்றால் சரி. உடனே மஞ்சளும் நீலமுமாக நிறம் ஓடினால் சூடு கூடிவிட்டது.

உருகினதும் மெழுகுதிரித் துண்டொன்றைப் போட்டு, நீளப் பிடி அகப்பையால் அடிவரை கிளறுங்கள். மெழுகு பற்றி எரியும், விலகி நில்லுங்கள். சாம்பல் மாதிரி மேலே வருவதில் பாதி நல்ல ஈயத்தின் ஒட்சைட்டு. மெழுகு அதைத் திரும்ப ஈயமாக்கும். மிச்சக் கசட்டை வழித்து எடுங்கள். தூளைத் தட்டிக் கொட்டாமல் மெல்ல வையுங்கள்.

வார்த்தல்

370 முதல் 400 பாகைக்குள் ஒரு சூட்டைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள். முதல் சில வார்ப்புகள் சுருக்கம் விழுந்து, மூலை மழுங்கித்தான் வரும். அச்சு இன்னும் குளிர். அவற்றைத் தாச்சிக்கே திருப்பிவிடுங்கள். சுருக்கம் போய், விளிம்பு கூராக வந்தபின் எண்ணத் தொடங்குங்கள்.

ஊற்றும்போது தாரை முறியக் கூடாது. குழி நிறைந்த பிறகும் வாயின் புனல் நிரம்பும்வரை ஊற்றுங்கள். ஈயம் இறுகும்போது ஏறத்தாழ 3.5 வீதம் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப மேலே திரவ ஈயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டுக்குள் குழி விழும், வெளியே தெரியாது. புனலில் உள்ள ஈயம் மினுக்கம் போய் மங்கி, நடுவில் சற்று அமிழும். ஐந்தாறு செக்கனில் அப்படி நடந்தால் அச்சுச் சூடு சரி. அதற்குப் பிறகும் திரவமாகவே ஆடினால் அச்சு கொதித்துவிட்டது. அப்போது குண்டின் மேல் மாப்பூசினது போல மங்கலும் வரும். கொஞ்சம் பொறுத்து அடுத்ததை ஊற்றுங்கள். தண்ணீரில் முக்கி ஆற்ற நினைக்காதீர்கள்.

மங்கினதும் கம்பியைத் திருகி இழுங்கள், பிறகு அச்சைத் திறவுங்கள். திறத்தல், போடுதல், மூடுதல், ஊற்றுதல் எல்லாம் ஒரே தாளத்தில் போக வேண்டும். ஒரு கதை பேசி நிறுத்தினால் அச்சு குளிர்ந்து அடுத்த நாலு குண்டும் வேறு பாரம். ஒவ்வொரு முறையும் மூடுமுன் முகத்தில் ஈயத்துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறின பின் வாய்ப்பக்க வாலைக் குறட்டால் ஒட்ட வெட்டி, அரத்தால் ஒரு இழுப்பு. அராவின தூளைக் கடதாசியில் ஏந்திக் கசட்டுப் பேணியில் போடுங்கள். துளையின் இரு விளிம்பையும் பெரிய துளையலகு ஒன்றைக் கையால் திருகி மழுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கயிறு அறுந்து குண்டு கடலில் போகும். பறவைகள் கல்லென்று விழுங்கிச் சாகும். அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் பிரித்தானியாவில் 1987 இல் 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. அங்கிருந்து இதை வாசிக்கிறவர்கள் கவனிக்கவும்.

நிறுத்தலும் கோர்த்தலும்

பலர் சோம்பல் படுவது இங்கேதான், பலன் முழுக்க இருப்பதும் இங்கேதான். ஒவ்வொரு குண்டையும் நிறுங்கள். 11.8 முதல் 12.2 வரை வைத்திருங்கள், மற்றதெல்லாம் தாச்சிக்கு. பாரம் குறைந்தது, பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தாலும், உள்ளே குழி உள்ளது. கூடினது என்றால் அச்சு மூடவில்லை அல்லது வால் மிஞ்சியிருக்கிறது.

தேறின 250 ஐயும் 25 ஆகப் பத்துப் பொதி போடுங்கள். ஒவ்வொரு பொதியும் 300 கிராமுக்குக் கிட்ட, ஒன்றுக்கொன்று 1 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வரும்படி குண்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள். அடிக்கயிற்றைப் பத்துச் சம பங்காக மையால் குறித்து, பங்குக்கு ஒரு பொதி. பொதிக்குள் பாரமானதும் இலேசானதும் மாறி மாறி வரட்டும். இடைவெளியை அளக்க 5 சென்ரிமீற்றர் மரத்துண்டு ஒன்றை வெட்டி வைத்துக் கட்டுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

சோதனை

ஒவ்வொரு பங்கின் தொடக்கத்திலும் வெவ்வேறு நிற நூல் கட்டுங்கள். வெளியான மணல் தரையில் வீசி, விழுந்த வலையின் விட்டத்தை இரண்டு திசையில் அளவுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் வலையை வேறு நிறத்திலிருந்து கையில் எடுக்கத் தொடங்க வேண்டும். மடிப்பு எப்போதும் ஒரே நிறத்தில் வந்தால் பிழை வலையில். அந்தப் பங்கின் பாரத்தையும் இடைவெளியையும் பாருங்கள், அதே பங்கில் வலை இழுபட்டு முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிறம் மாறினாலும் மடிப்பு எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கமோ வலக்கைப் பக்கமோ வந்தால் குண்டில் பிழையில்லை, கரையில் நின்றவர்கள் சொன்னதுதான் சரி.

அதே உருக்கலில் கூடுதலாக ஒரு இருபது குண்டு வார்த்து, பாரத்தை எழுதிப் பொதி செய்து வையுங்கள். வலையில் குண்டு விழுந்த இடத்துக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டும், கையில் கிடைத்த வேறு குண்டை அல்ல.